பழைய வண்டிக்கும் தோள்பட்டை பெல்ட் வேண்டும்

பழைய கார்களைப் பேணுகிறவர்களிடம் ஒரு கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது. அம்பாசிடரோ, பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்க வேண்டும். அதில் சீட் பெல்ட் மாட்டுவது வண்டியின் பழமையைக் கெடுக்கும் காரியம் என்பதே அது. இதற்கு முட்டுக்கொடுக்க வேறு சில கருத்துகளும் உண்டு. சட்டம் கேட்கவில்லை. வண்டி 50-க்கு மேல் போவதே இல்லை. அந்தக் காலத்து இரும்பு இன்றைய தகரம் மாதிரி நசுங்காது. மிஞ்சிப்போனால் இடுப்போடு ஒரு பட்டை கட்டிக்கொண்டால் போதும், தோள்மேல் எதற்கு? இவற்றைச் சொல்கிறவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஊர் ஊராகத் தேடி அலைகிறவர்கள், ஒரு பெயின்ட் நிறம் பொருந்துவதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். பொருளின் மேல் இத்தனை அக்கறை கொண்டவர்கள், அதில் உட்காரும் உடலைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. வண்டி பழையது என்பது பெல்ட்டிலிருந்து விலக்குப் பெறக் காரணமாகாது. புதிய வண்டியைக் காட்டிலும் பழைய வண்டிக்குத்தான் பெல்ட்டின் தேவை அதிகம். அதிலும் இடுப்புப் பட்டை போதாது. தோளையும் மார்பையும் பிடித்து நிறுத்தும் பட்டை வேண்டும்.

சென்னையின் பெருங்குடியில் நின்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். சென்னையின் தெற்கு எல்லையில், வண்டலூர்–பெருங்களத்தூர் பக்கத்து ஆலையிலிருந்து 1961 முதல் ஹெரால்டு கார்கள் வெளிவரத் தொடங்கின. அப்போது திருவான்மியூரிலிருந்து தெற்கே போன மகாபலிபுரம் சாலை, வயலுக்கும் சதுப்புக்கும் இடையே சென்ற ஒடுக்கமான கிராமத்துச் சாலை. அந்தத் தடம்தான் இன்று ராஜீவ் காந்தி சாலை: ஆறு வழித்தடம், இருபுறமும் சர்வீஸ் ரோடு, நடுவே மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியின் தடுப்புகள், இடைவிடாமல் கம்பெனி பஸ்ஸும் கால் டாக்ஸியும் தண்ணி லாரியும். முன்பு பெருங்குடி சுங்கச்சாவடியில் எல்லா வண்டியும் வேகம் குறைத்தாக வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டு 30 முதல் அங்கே வசூல் நின்றதால் அந்தத் தடையும் போயிற்று. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்த வரம்பின்படி கார்கள் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை போகலாம். 12,000 லிட்டர் ஏற்றிய தண்ணி லாரியில் தண்ணீரின் எடை மட்டுமே 12 டன். ஹெரால்டின் எடை ஒரு டன்கூட இல்லை. வண்டி 1961-இல் நின்றுவிட்டது, சாலை நிற்கவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது பழைய அகலமே அழகு என்று யாரும் வாதாடவில்லை. அந்தச் சாலையில் இறங்கும் வண்டிக்கு மட்டும் அந்த வாதம் எப்படிப் பொருந்தும்?

"மெதுவாகத்தான் ஓட்டுகிறோம்" என்ற பதிலை முதலில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்பது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அதாவது முதல் மாடி. 40 என்றால் ஆறு மீட்டருக்கு மேல், இரண்டாம் மாடி. 50 என்றால் ஏறக்குறைய பத்து மீட்டர், மூன்றாம் மாடி. 60-இல் பதினான்கு மீட்டரைத் தாண்டிவிடும். பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகத்தில் உள்ள சூத்திரத்தைப் போட்டு யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு "அவ்வளவு உயரமில்லை" என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டார். நம் வேகத்தை நாம் குறைத்துக்கொள்ளலாம். எதிரே வருகிறவரின் வேகத்தை யார் குறைப்பது? 40-இல் போகும் சிறிய கார், 40-இல் வரும் லாரியோடு நேருக்கு நேர் மோதினால், லாரியின் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். காரோ நின்று பின்னுக்குத் தள்ளப்படும். காருக்குள் இருப்பவருக்கு அது 40-இல் நடந்த மோதல் அல்ல, 80-ஐ நெருங்கிய மோதல். மெதுவாகப் போவது நல்ல பழக்கம். விபத்தின் வாய்ப்பை அது குறைக்கும். விபத்து நடந்துவிட்ட அந்த நொடியில் உடலைப் பிடித்து நிறுத்தும் வேலையை அது செய்யாது.

அடுத்தது, "அந்தக் காலத்து இரும்பு". இது பெருமையாகச் சொல்லப்படுகிறது, ஆனால் பொருள் தலைகீழானது. மோதலில் உடலுக்கு நேரும் சேதத்தைத் தீர்மானிப்பது, எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறோம் என்பது. 50 கிலோமீட்டர் வேகத்தில் பெல்ட் அணிந்து போகிறவர், முன்பகுதி நசுங்கி இடங்கொடுக்க 60 சென்டிமீட்டரில் நின்றால், அவர் உடல் தாங்கும் விசை அவர் எடையைப் போல் சராசரியாகப் பதினாறு மடங்கு. பெல்ட் இல்லாமல் முன்னே பாய்ந்து டேஷ்போர்டில் ஐந்து சென்டிமீட்டரில் நின்றால், ஏறக்குறைய இருநூறு மடங்கு. பதினாறு மடங்கை மனித உடல் தாங்கும். இருநூறை மண்டையோடு தாங்காது. புதிய கார்களின் முன்பகுதி நசுங்குவது பலவீனத்தால் அல்ல. நசுங்குவதற்கென்றே அதை வடிவமைக்கிறார்கள். 1950-களின் வடிவமைப்பில் அது கிடையாது. டேஷ்போர்டு வெறும் தகடு, ஸ்டீயரிங் தண்டு மடங்காத கம்பி, மார்புக்கு நேராக நீட்டியபடி. கெட்டியான இரும்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கையை 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம் சோதித்தே காட்டியது. 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏரையும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெரிய இரும்புக் காரான பெல் ஏரின் ஓட்டுநர் அறை உள்ளே இடிந்து விழுந்தது. புதிய காரின் அறை நிலைத்து நின்றது. அறையே இடியும் மோதலில் பெல்ட்டால் செய்யக்கூடியது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா விபத்தும் அப்படிப்பட்டதல்ல. அறை தாங்கி நின்று, உள்ளே இருந்தவர் மட்டும் பறந்து போய் மோதிய விபத்துகளில், பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையில் இருப்பது அந்தப் பட்டைதான்.

இந்த அறிவு கார் உலகத்தில் பிறந்ததல்ல, விமானங்களிலிருந்து வந்தது. 1917-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பயிற்சியின்போது விமானம் விழுந்து உயிர்தப்பிய ஹியூ டிஹேவன், தாம் கட்டியிருந்த பெல்ட்டின் கொக்கியே தம் வயிற்றின் உள்ளுறுப்புகளைக் கிழித்தது என்று கருதினார். ஏன் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் சாகிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிவு எளிமையானது: விசை உடலில் பரவலாகவும், சற்று நீண்ட தூரத்திலும் இறங்கினால், நினைத்ததைவிட அதிகமாக உடல் தாங்கும். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் சிறு விமான விபத்துகளை ஆராய்ந்தார். 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி, ஒன்றரை நொடிக்குள் நிறுத்தப்பட்டார். எடையைப் போல் 46 மடங்கு விசையை அவர் உடல் தாங்கியது. காரணம், தோளையும் மார்பையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டிய பட்டைகள். அதன் பிறகு அவர் கார்களுக்கு பெல்ட் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். 1959-இல் வால்வோ கார்களில் வந்த மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்த நில்ஸ் போலின், அதற்கு முந்தைய ஆண்டுவரை சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்று இருக்கைகளில் வேலை பார்த்தவர். நாம் காரில் மாட்டும் பட்டை, விமானி தோளில் மாட்டிய பட்டையின் வழித்தோன்றல்.

ஆகவே "இடுப்புப் பட்டை போதாதா" என்ற கேள்விக்கும் பழைய சிறு விமானங்களிடமே பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பொதுமக்களுக்கென விற்கப்பட்ட இரண்டு, நான்கு இருக்கை விமானங்கள் ஆயிரக்கணக்கில் இடுப்புப் பட்டையோடு மட்டும் வந்தன. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1958-இல் பறக்கவிட்டு, பறக்கும் கிளப்புகளுக்கு வழங்கிய புஷ்பக், அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஏரோன்கா சீஃப் விமானத்தை ஒட்டி உருவானது. இடுப்பை மட்டும் கட்டினால் மோதலில் என்ன நடக்கிறது? இடுப்பு நிற்கிறது, அதற்கு மேலுள்ள உடல் கத்தியை மடக்குவது போல முன்னே மடிகிறது. தலை கருவிப் பலகையில் இடிக்கிறது. பட்டை வயிற்றை அழுத்தி, குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்துகிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, பிழைக்க வாய்ப்பிருந்த விபத்துகளில் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர், இடுப்புப் பட்டையோடு தோள்பட்டையும் கட்டியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றது. பலத்த காயமடைந்தவர்களில் 88 விழுக்காட்டினருக்குக் காயம் வெகுவாகக் குறைந்திருக்கும் என்றது. கார்களிலும் கணக்கு இதே திசையில்தான் போகிறது. பின் இருக்கையின் ஓரங்களில் அமர்ந்தவர்களைப் பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1999-இல் கண்டது: இடுப்புப் பட்டை மரண ஆபத்தை 32 விழுக்காடு குறைக்கிறது, தோளையும் சேர்த்துக் கட்டினால் 44. இடுப்புப் பட்டை ஒன்றும் இல்லாததைவிட மேல். தோளுக்கு இடமிருக்கும்போது இடுப்போடு நிறுத்திக்கொள்வது, பாதி தூரம் கட்டிய பாலத்தில் வண்டியை ஏற்றுவது போல.

இப்போது மையமான வாதத்துக்கு வருவோம்: பழமை. பழைய தோற்றத்துக்குள் தோள்பட்டை அந்நியமானது என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முதல் உலகப்போரின்போதே சட்டன் பட்டை எனப்படும் நான்கு வார் பட்டை பிரிட்டிஷ் விமானிகளின் தோளில் ஏறியது. இந்திய விமானிகள் பல தலைமுறை பறக்கக் கற்ற டைகர் மாத் விமானத்திலும் அதுவே இருந்தது. தோள்பட்டை பழையது, அது இல்லாத நம் வண்டிகள்தான் பிறகு வந்தன. போருக்குப் பின் சிறு விமானங்களைக் குடும்பக் கார் போல விற்க வேண்டியிருந்தபோது, வாங்குகிறவரைப் பயமுறுத்தும் என்றும் செலவு கூடும் என்றும் அதை விட்டுவிட்டார்கள். ஒரு காலத்து வியாபாரச் சிக்கனத்தை நாம் இன்று பாரம்பரியம் என்று பெயரிட்டுக் காக்கிறோம். அதுமட்டுமல்ல, பழைய வண்டிக்காரர் எவரும் எல்லாவற்றையும் பழையபடியே வைத்திருப்பதில்லை. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்திருக்கிறது. டயர் ரேடியலாகியிருக்கிறது. முகப்பு விளக்கு ஹாலஜன் ஆகியிருக்கிறது. இருக்கைக்கு ஜி.பி. ரோட்டில் புதிய ரெக்சின் தைக்கப்பட்டிருக்கிறது. பல அம்பாசிடர்களில் ஏசியே ஓடுகிறது. இவை வசதிக்காகச் செய்த மாற்றங்கள். அவற்றை யாரும் குறை சொல்வதில்லை. உயிருக்காகச் செய்யும் ஒரே மாற்றத்தின் முன்னால் மட்டும் பழமை வந்து குறுக்கே நிற்கிறது.

பழமையைக் காப்பது என்றால் என்ன என்பதை நம் ஊர்க் கோபுரங்களே சொல்கின்றன. நூற்றாண்டுகள் கடந்த கோபுரங்களின் உச்சியில் கலசங்களுக்குப் பக்கத்தில் இடிதாங்கி நிற்கிறது. அதிலிருந்து செம்புப் பட்டை சிற்பங்களின் ஓரமாகத் தரைவரை இறங்குகிறது. கட்டிய சிற்பி அதை வைக்கவில்லை. அதனால் கோபுரம் புதியதாகிவிட்டது என்று எந்த அர்ச்சகரும், எந்தத் தொல்லியலாளரும் சொல்லவில்லை. கோபுரம் நிலைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் அதை வைத்தார்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்கள் ஒரு நெறியைப் பின்பற்றுகிறார்கள்: புதிதாகச் சேர்ப்பது பழையதைச் சிதைக்கக் கூடாது, வேண்டும்போது கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். போல்ட் போட்டு மாட்டிய பெல்ட் இந்த நெறிக்கு முழுவதும் பொருந்துகிறது. காட்சி மேடையில் நிறுத்தும்போது அதைக் கழற்றி வைக்கலாம். சாலையில் இறக்கும்போது மாட்டலாம். கார் கண்ணாடிக் கூண்டில் நிற்கும் காட்சிப் பொருளாக மட்டும் இருந்தால் எனக்கு எந்த வாதமும் இல்லை. சாவியைத் திருப்பி, மனைவி மக்களை ஏற்றி, சாலைக்குக் கொண்டுவந்த கணத்தில் அது ஒரு வாகனம்.

சட்டத்தைப் பற்றிய வாதத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1993-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான், 1994 முதல், கார் தயாரிப்பாளர்கள் முன் இருக்கைகளுக்கு பெல்ட் பொருத்துவது கட்டாயமாயிற்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி, பெல்ட் பொருத்தப்பட்ட வண்டியில் அதை அணிய வேண்டும் என்கிறது. பின் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறது. அணியாவிட்டால் 2019 திருத்தச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதம். பெல்ட்டே இல்லாமல் பிறந்த வண்டியை இந்த விதிகள் தொடுவதில்லை. ஆனால் இந்த மௌனத்தை அனுமதி என்று படிப்பது தவறு. பழைய வண்டிகள் தாமாகவே மறைந்துவிடும் என்று எண்ணிச் சட்டம் விட்டுவிட்டிருக்கலாம். அவை மறையவில்லை, அவற்றை நேசிப்பவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். அப்படியானால் பொறுப்பும் அவர்களிடம் வருகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-இல் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர் அல்லாத பயணிகள். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்: 64,105. அபராதச் சீட்டு வராது என்பதால் இந்தக் கணக்கில் நம் பெயர் வராது என்று எந்த விதியும் உறுதி தரவில்லை.

சட்டத்தால் வரும் உண்மையான தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி, சேசி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் 'விண்டேஜ்' பதிவு பெறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இவற்றைக் கேள்விப்பட்ட உரிமையாளர், பெல்ட்டுக்கு ஒரு துளை போட்டால் ஆர்.சி. புக் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். டிங்கரிங் பட்டறைக்காரரும் கைவைக்கத் தயங்குகிறார். அச்சம் நியாயமானது, அதன் முடிவு நியாயமற்றது. பெல்ட் சேசியும் அல்ல, எஞ்சினும் அல்ல. உடற்கூட்டின் வடிவத்தையும் அது மாற்றுவதில்லை. அதே 52-ஆம் பிரிவில் 2019-இல் சேர்த்த உட்பிரிவு, பாதுகாப்புக் கருவிகளைப் பின்னர் பொருத்துமாறு தயாரிப்பாளருக்கே உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. பின்னர் பொருத்தும் பாதுகாப்புக் கருவியைச் சட்டம் விரோதியாகப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விமானத் துறை இதே முடிச்சை எப்படி அவிழ்த்தது என்பது நமக்கு வழிகாட்டி. அங்கே ஒரு திருகாணியை மாற்றவும் ஒப்புதல் வேண்டும். விதிகள் காருக்குள்ளதைவிடப் பல மடங்கு கடுமை. அமெரிக்காவில் 1978 ஜூலை 18-க்குப் பின் தயாரான சிறு விமானங்களின் முன் இருக்கைகளுக்கும், 1986 டிசம்பர் 12-க்குப் பின் தயாரானவற்றின் எல்லா இருக்கைகளுக்கும் தோள்பட்டை கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய விமானங்கள் சட்டத்துக்கு வெளியே நின்றன. ஒப்புதல் பெறும் சிரமத்துக்கு அஞ்சியே பலர் பொருத்தாமல் விட்டார்கள். அந்நாட்டின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் கண்டுகொண்டது. 2000-ஆம் ஆண்டு அது ஒரு கொள்கை விளக்கம் வெளியிட்டது: பழைய சிறு விமானத்தின் சட்டகத்தில் துளையோ வெல்டிங்கோ இல்லாமல் தோள்பட்டை பொருத்த முடிந்தால் அதைச் சிறு மாற்றமாகவே கருதலாம், அதற்கு மேல் வேலை தேவைப்பட்டால் பொறியியல் ஒப்புதல் பெற வேண்டும். பாதுகாப்பு விதியே பாதுகாப்புக்குத் தடையாகிவிடக் கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. நம் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் இப்படி ஒரு விளக்கம் தர வேண்டும்: தரச் சான்று பெற்ற பெல்ட்டையும் அதன் பிடிமானத் தகட்டையும் பொருத்துவது 'பெரிய மாற்றம்' ஆகாது, விண்டேஜ் பதிவை அது பாதிக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவில்லை. பல உயிர்கள் அதற்காகக் காத்திருக்கின்றன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பொறியியலைச் சார்ந்தது: "பழைய வண்டியின் உடம்பில் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் இடமே இல்லை, துருப்பிடித்த தகட்டில் மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும்." இது உண்மை, அரைகுறையாகச் செய்தால். இது பெல்ட்டுக்கு எதிரான வாதம் அல்ல, மோசமாகப் பொருத்துவதற்கு எதிரான வாதம். மெல்லிய தகட்டில் வெறும் வாஷர் போட்டு மாட்டக் கூடாது. உட்புறம் அகலமான எஃகுத் தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். ஹெரால்டுக்குத் தனிச் சேசி உண்டு. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் உடலே சட்டகம், ஆகவே கதவுகளுக்கு இடையிலுள்ள தூணையும் தரையின் வலுப்பெற்ற பகுதிகளையும் நாட வேண்டும். துரு இருந்தால் அதை வெட்டியெடுத்துச் சீர்செய்த பிறகே பெல்ட். தோள்பட்டையின் மேல் முனை தோள் உயரத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும்; கீழே இருந்தால் மோதலில் அது தோளை அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். இதுவும் விமானத் துறை வலியோடு கற்ற பாடம். இரண்டு கதவுள்ள வண்டிகளில் முன் இருக்கையின் முதுகு முன்னே மடியாதபடி கொக்கி வேண்டும். முன் பெஞ்சின் நடு இடத்துக்குத் தோள்பட்டை பொருத்த வழியில்லை. அங்கே யாரையும் உட்காரவைக்காமல் இருப்பதே வழி. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பெல்ட்டை வாங்காதீர்கள். விபத்தில் ஒருமுறை இழுபட்ட பட்டையின் இழைகள் ஏற்கெனவே தங்கள் வேலையைச் செய்து முடித்துவிட்டன. தரச் சான்றுள்ள புதிய பட்டையும் அதற்குரிய போல்ட்டும் வாங்கி, உடற்கூட்டு வேலை தெரிந்த பொறியாளரைக் கொண்டு இடத்தைக் குறியுங்கள். பெருங்குடித் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் தகடு வெட்டித் தரும் பட்டறைகளுக்கு இது அரிய வேலை அல்ல.

இன்னும் இரண்டு ஆட்சேபங்கள் எஞ்சியிருக்கின்றன. வண்டி தீப்பற்றினால், தண்ணீரில் விழுந்தால், பெல்ட் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாதே என்பது ஒன்று. தீயும் நீரும் விபத்துகளில் மிகச் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கிலும், மோதலின் முதல் அடியில் நினைவு தப்பாமல் இருந்தால்தான் கதவைத் திறக்க முடியும். நினைவைக் காப்பது தோள்பட்டை. நினைவிழந்தவருக்கு பெல்ட் இல்லாததால் கிடைத்த சுதந்திரம் எதற்கும் உதவாது. மற்றொன்று, "எல்லாம் தலையெழுத்து". 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே சூர்யா நதிப் பாலத்தில் மோதிய காரில் நான்கு பேர் இருந்தார்கள். பெல்ட் அணிந்து முன்னால் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தார்கள். பெல்ட் அணியாமல் பின்னால் இருந்த இருவர், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உட்பட, இறந்தார்கள். அது நவீனமான, விலையுயர்ந்த, எல்லாப் பாதுகாப்பும் கொண்ட கார். ஒரே கார், ஒரே சுவர், ஒரே நொடி; வேறுபாடு பட்டையில் இருந்தது. எல்லாப் பாதுகாப்பும் இருந்த காரிலேயே அப்படியென்றால், எதுவுமே இல்லாத பழைய காரின் பின் இருக்கையைப் பற்றி என்ன சொல்ல? பின்னால் இருப்பவர் பறந்து வந்தால் முன்னால் இருப்பவரையும் கொல்வார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை ஊர்வலத்துக்குத்தானே எடுக்கிறோம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். விபத்து ஆண்டுக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. பழைய கார்ச் சங்கங்கள் தங்கள் போட்டி மதிப்பெண்களில் ஒரு விதியைச் சேர்க்கட்டும்: முறையாகப் பொருத்திய, கழற்றக்கூடிய தோள்பட்டை பெல்ட்டுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம் என்று அறிவிக்கட்டும். தமிழ்நாடு போக்குவரத்துத் துறை, மத்திய அமைச்சகத்தின் விளக்கத்துக்குக் காத்திராமல், எஃப்.சி.க்கு வரும் பழைய வண்டிகளில் பெல்ட் பொருத்தியிருப்பதைக் குறையாக எழுத வேண்டாம் என்று தன் ஆய்வாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பட்டும். உரிமையாளர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வண்டி பட்டறைக்குப் போகும்போது பெயின்டுக்கு முன்னால் பெல்ட்டைப் பற்றிக் கேளுங்கள். முதலில் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும், பிறகு பின் இருக்கையின் இரு ஓரங்களுக்கும் பொருத்துங்கள். பொருத்தி முடிக்கும் வரை அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.